கூடத்து வாசலில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்

கேப் பிரெட்டன் தீவின் இன்வர்னஸ் வட்டாரத்தில் ஊர்க்கூடங்களை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். நாங்கள் சிட்னியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். ஆஸ்திரேலியச் சிட்னி அல்ல, கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் சிட்னி. ஊரிலுள்ள உறவினர்களுக்கு இதை விளக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. இம்மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தபாலில் வருகிறது. இங்கே படிக்க வந்து தங்கிவிட்ட நம்மவர்களும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

சென்ற கோடையில் உங்கள் கூடங்களில் ஒன்றில் நடந்த நடனத்துக்குப் பத்து வயது மகளோடு போனேன். எந்தக் கூடம் என்பது வேண்டாம். வாசலில் இருந்தவர் தன்மையாகத்தான் சொன்னார்: உள்ளே மதுக்கடை உண்டு, பத்தொன்பது வயதுக்குக் கீழே அனுமதியில்லை. சட்டம் அப்படி; அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்பில் காரிலேயே சற்று உட்கார்ந்தேன். மகள் இறங்கிப் போய்விட்டாள். தேடிப் போனால், கூடத்தின் பின்புறம் சக்கர நாற்காலிக்காகப் போட்டிருந்த மரச் சாய்தளத்தின் மேல் ஆடிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வழியே பிடிலும் பியானோவும் கேட்டன. உள்ளே ஜோடி ஜோடியாக ஆடும் சதுர நடனத்தின் மூன்றாம் சுற்று. ஜிக் என்ற மெட்டு வகை முடிந்து ரீல் என்ற வகை தொடங்கியிருந்தது. கைகளைத் தொங்கவிட்டு, தோள் அசையாமல், பாதத்தைத் தரையைவிட்டு அதிகம் தூக்காமல் ஆட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தாள். கான்வாஸ் ஷூவில் சத்தம் எழவில்லை. சாய்தளம்தான் லேசாக அதிர்ந்தது.

இந்த இசை எப்படிக் கைமாறி வந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களுடைய சொத்து அது. பிடில் கிடைக்காத வீட்டில் தாய்மார் வாயாலேயே மெட்டுப் பாடிப் பிள்ளைகளை ஆட வைத்தார்கள். அண்டை வீட்டுக்குப் போய்ப் பேசியும் பாடியும் கழிக்கும் மாலைக்கு அவர்களுடைய கேலிக் (Gaelic) மொழியில் 'கேலி' (ceilidh) என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி விழும், மன்னியுங்கள். ஜூடிக் ஊரின் பிடில் கலைஞர் பட்டி (Buddy) மக்மாஸ்டர் (1924–2014) தகப்பனாரின் பிடிலைப் பெட்டியிலிருந்து கண்டெடுத்தபோது வயது பதினொன்று. அம்மா வாய்க்குள் பாடிய மெட்டுகள் அதற்கு முன்பே காதில் ஏறியிருந்தன. ரயில் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஊரூராக நடனங்களுக்கு வாசித்தார். முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1989இல்தான். அதுவரை அவர் வாசிப்பைப் பரப்பியவை கூடங்களும் வீட்டுக்கு வீடு கைமாறிய ஒலிநாடாக்களும். அவருடைய சகோதரர் மகள் நாட்டலி மக்மாஸ்டர் ஐந்து வயதில் அம்மாவிடம் நடனம் கற்றார். பிடிலைத் தொட்டது ஒன்பது வயதில். முதலில் கால், பிறகு கை. அந்த வரிசையை எந்தப் பாடத்திட்டமும் எழுதித் தரவில்லை.

எங்கள் வீட்டில் அந்த வசதி இல்லை. என் தாத்தா பிடில் வாசித்தவர் அல்லர், பாட்டி ரீல் ஆடியவரும் அல்லர். வாரம் ஒரு வகுப்பு உண்டு. அங்கே அடிகளைச் சொல்லித் தருகிறார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பேத்தியைச் சுழற்றுவதை வகுப்பில் பார்க்க முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு உங்கள் கூடம்தான் தாத்தா வீடு. பூர்விகக் குடும்பங்களிலும் எத்தனையோ பேர் வேலை தேடி மேற்கே போய்விட்டார்கள். கோடையில் திரும்பி வரும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

1970களின் தொடக்கத்தில், கேப் பிரெட்டன் பிடில் கலைஞர்கள் மறைந்துவருகிறார்கள் என்று தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. ரோஷத்தோடு எழுந்தீர்கள், 1973இல் கிளெண்டேல் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாக நின்று வாசித்தார்கள். ஸ்காட்லாந்திலோ இந்த நடனம் ஏறக்குறைய அற்றுப்போய், பின்னர் ஸ்கை தீவின் கல்லூரிக்கு இங்கிருந்து ஆசிரியர்கள் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தாய்வீட்டுக்கே விதைநெல் அனுப்பியவர்கள் நீங்கள்.

மதுக்கடை வருமானம் இல்லாமல் கூரைக்கும் குளிர்கால எண்ணெய்க்கும் பணம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் மேற்கு மபூ கூடத்தில் சனிக்கிழமைகளில் குழந்தை குட்டியோடு போய் ஆட முடிகிறது. வாரம் முழுவதும் எல்லாக் கூடங்களும் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஏழிலிருந்து ஒன்பதரை வரை மதுக்கடை மூடியிருக்கட்டும். முதல் இரண்டு செட் (முழுச் சதுர நடனம் ஒவ்வொன்றும் ஒரு செட்) எல்லோருக்கும் என்று பலகையில் எழுதுங்கள். நுழைவுக் கட்டணத்தைச் சற்று உயர்த்துங்கள், தருகிறோம். இப்படிச் செய்தால் பெரியவர்கள் குடிக்கும் நேரம் அதிகம் குறையாது. பிடில் வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போடுங்கள். வில் பிடித்த கையைக் கிட்டத்திலிருந்து பார்ப்பதற்கு நிகரான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆடத் தெரியாதவர்களை வரிசைக்குள் இழுத்துவிடும் வேலை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னையே அப்படித்தான் இழுத்தார்கள்.

வரும் கோடைக்கான நடன அட்டவணையை வசந்தத்தில் அச்சுக்குக் கொடுப்பீர்கள். அதற்கு முன் உங்கள் குழுவில் இதைப் பேசிவிடுங்கள். தோல் அடிப்பாகம் வைத்த காலணி ஒன்று மகளுக்கு வாங்கியாயிற்று. வளரும் கால். மறு வருடம் அது பற்றாது.

இப்படிக்கு,
சிட்னியிலிருந்து ஒரு தகப்பன்