காவேரிக்குப் புதுச்சட்டை போட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் படகு காவேரியின் பெயிண்ட் வேலை முடிந்து, கடைசி மாஸ்கிங் டேப்பையும் உரித்தாயிற்று. பத்து நாள் வேலை என்று சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டேன். ஆறு வாரம் இழுத்துவிட்டது. அதற்கு முதலில் மன்னிப்பு, அப்புறம் நன்றி.

படகைப் பார்க்காதவர்களுக்காக: காவேரி எங்கள் நேரோபோட், அதாவது ஒடுங்கிய கால்வாய்ப் படகு. இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் பல லாக்குகளுக்கு (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள்) அகலம் ஏழடிதான், அதனால் படகு அதற்கும் இரண்டங்குலம் குறைவு. நீளம் 57 அடி. குடித்தனமே அதில்தான். ஆக்ஸ்போர்டு கால்வாயும் கிராண்ட் யூனியனும் சேரும் பிரான்ஸ்டனில் இப்போது கட்டியிருக்கிறோம்.

முதல் வாரம் உலர் டாக்கில். தண்ணீரை வடித்ததும் அடிப்பக்கம் முழுக்கப் பாசி. அதைச் சுரண்டி, மூன்று கோட் தார் பூச வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தப்பாத வேலை இது. லெஸ்டரிலிருந்து வந்த நண்பர்களே, சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கையுறையோடு வந்து நின்றீர்களே, அதை மறக்க மாட்டேன். மதியம் எல்லோர் கையிலும் தார். அக்கா புளியோதரையை உருட்டி உருட்டி ஒவ்வொருவர் வாயிலும் போட்டார். நாற்பது வயது ஆட்கள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

டாக்கில் இருந்த பெரியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. படகின் அடியில் மெக்னீசியக் கட்டிகளை வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். அரிப்பு இரும்பை விட்டுவிட்டு அதைத் தின்னட்டும் என்று ஏற்பாடு. அதன்மேல் தார் பட்டால் பிரயோஜனமில்லை. இது தெரிந்தும், பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு கட்டிக்கு நன்றாகவே பூசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பிப் பிரஷ்ஷை என் கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆறு வாரம் ஆனதற்குக் காரணம் ஜன்னல்கள். ஓரத்தில் மிளகளவு ஒரு கொப்புளம். விரலால் அழுத்தினேன், உள்ளே போனது. சுரண்டினால் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. முன்பு பெயிண்ட் அடித்தவர் துருவின் மேலேயே அடித்திருக்கிறார். அவரைத் திட்டித் தீர்த்தாயிற்று, விடுங்கள். ஏழு ஜன்னல்களையும் கழற்றி, வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டர் பிடித்த தம்பிக்குக் கடன்பட்டிருக்கிறேன். காது இப்போது சரியாகிவிட்டதா?

பக்கத்துப் படகுத் தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது. நேரில் சொல்லிவிட்டேன், ஊறுகாயும் கொடுத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் அவர் வந்து மூடுவார். மாலைப் பனி இறங்கினால் காயாத பெயிண்டின் மினுமினுப்பு போய்விடும் என்பார். ஒருநாள் அவர் ஊரில் இல்லை. நானும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மறுநாள் பின்பக்கக் கதவு சாம்பல் பூத்தது போல நின்றது. மறுபடி உப்புத்தாள், மறுபடி ஒரு கோட். ஒரு பக்கம் முடிந்ததும் படகைத் திருப்ப வேண்டியிருந்தபோது, ஈரப் பெயிண்டில் ஒரு கைரேகைகூடப் படாமல் கயிறு இழுத்ததும் அவரும் அவருடைய கூட்டாளிகளும்தான்.

பெயர் எழுதியது, அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர் என்று சொன்ன அண்ணன். இந்தக் கால்வாய்ப் படகுகளில் ரோஜாவும் கோட்டையும் வரைவது பழைய வழக்கம். அதைப் பார்த்ததும், “நம்ம லாரி பாடி மாதிரியேதான் இருக்கு” என்று சிரித்தார். இடது கையில் துணி சுற்றிய குச்சி, அதன்மேல் வலது மணிக்கட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘வே’யின் இரட்டைக் கொம்பை ஒரே இழுப்பில் சுழித்தார். கோட்டை வேண்டாம், ரோஜா மட்டும் போதும் என்றது நான்தான். இப்போது வருத்தமாக இருக்கிறது. அடுத்த வருடம் வர வேண்டும், அண்ணா.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்த படகுகள் எல்லாம் இஞ்சினைத் தணித்து, அலையெழுப்பாமல் நகர்ந்தன. யாரென்றே தெரியாத அவர்களுக்கும் நன்றி.

இரண்டு சுரண்டிகள், ஒரு நீலக் குடை, குழந்தையின் இடதுகால் செருப்பு ஒன்று இங்கே கிடக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு சுற்று போய்வரலாம்.

அன்புடன்,
காவேரியிலிருந்து