புயலுக்கு முன் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்றதும் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் நிருபர்களை அனுப்புகிறீர்கள். அனுப்பியபின் அரை மணிக்கொரு தரம் அவர்களை நேரலைக்கு இழுக்காதீர்கள் என்று கேட்கத்தான் இம்மடல்.

மூன்று நிமிட நேரலைக்குக் குறைந்தது பத்து நிமிடம் முன்பே நிருபர் கேமரா முன் நிற்க வேண்டும். மொபைல் சிம்கள் வழியே நேரலைப் படம் அனுப்பும் லைவ் கிட் சிக்னல் பிடிக்க வேண்டும், ஸ்டுடியோவின் கட்டுப்பாட்டு அறையான பிசிஆரில் படம் சரியா என்று பார்க்க வேண்டும், ஸ்டுடியோவிலிருந்து காதுக்கு வரும் டாக்பேக் ஒலி கேட்க வேண்டும். முடிந்ததும் லென்ஸைத் துடைத்து, கிட்டை மழைபடாமல் மூடிக் கிளம்புவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிடும். மிச்சம் பத்து நிமிடத்தில் எந்த முகாமுக்குப் போய் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், பால் வந்ததா என்று விசாரிப்பது? அதனால்தான் ஒரே கடற்கரையில் நின்று "காற்று பலமாக வீசுகிறது" என்பதையே பொழுது சாயும்வரை சொல்ல நேர்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. கடலைப் பார்த்து நிற்கும் கேமராவுக்கு அதெல்லாம் தெரியாது.

லைவ் கிட்டை நம்பியே திட்டம் போடுவதும் தவறு. வெவ்வேறு நிறுவனங்களின் சிம்கள் அதில் இருந்தாலும், அந்த நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் பல இடங்களில் ஒரே கோபுரத்தில்தான் இருக்கின்றன. மின்சாரம் போய் கோபுரத்து பேட்டரியும் தீர்ந்தால் எல்லாம் சேர்ந்தே சாகும். செயற்கைக்கோள் டிஷ் பொருத்திய ஓபி வேனும் கைகொடுக்காது: பலத்த காற்றில் டிஷ்ஷை மடக்கியே ஆக வேண்டும், கொட்டும் மழை செயற்கைக்கோள் சிக்னலைத் தின்றுவிடும். ஆகவே சிக்னல் இருக்கும்போதே ஒரு நிமிடத் துண்டுகளாக காட்சிகளை அனுப்பச் சொல்லுங்கள். பிறகு தொலைபேசி கிடைக்கும்போது குரலில் மட்டும் பேசும் போனோ போதும்.

ஸ்டுடியோவில் இருப்பவருக்கும் பயிற்சி வேண்டும். கிட் வழியே படமும் குரலும் இரண்டு மூன்று நொடி தாமதமாக வரும். அந்த மௌனம் பொறுக்காமல் வாசிப்பாளர் கேள்வியைத் திரும்பக் கேட்பார்; அதே நேரம் நிருபரின் பதில் வந்து மோதும். ஒரே ஒரு கேள்வி கேட்டு, நிருபர் பெயரைக் கடைசியில் சொல்லி, வாய்மூடிக் காத்திருந்தால் இது தீரும். டாக்பேக்கில் நிருபரின் சொந்தக் குரல் திரும்பப் போகாதபடி பிசிஆர் அதைக் கழித்து அனுப்ப வேண்டும். தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் எவ்வளவு தேர்ந்தவருக்கும் நாக்கு குழறும்; பார்ப்பவர்களோ அவருக்குப் பேச வரவில்லை என்று நினைப்பார்கள். களத்தில் சில மழைக்காலமாவது நின்றவரை வாசிப்பு மேசைக்குக் கொண்டுவந்தால் இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இடுப்பளவு நீரில் நின்று பேசச் சொல்லும் வழக்கத்தை இந்த ஆண்டே விடுங்கள். சென்னைத் தெருவில் வெள்ளத்துக்கடியில் மழைநீர் வடிகாலின் மூடி திறந்திருக்கலாம், நனைந்த மின்பெட்டியிலிருந்து நீரில் மின்சாரம் பாயலாம். புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். அப்போது "வெளியே வந்து காட்டுங்கள்" என்று அழைக்காதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நேரலை, ஒவ்வொரு குழுவுக்கும் ஓய்வெடுக்க மாற்று நிருபர், ஆபத்து என்றால் மறுக்கும் உரிமை. இம்மூன்றையும் புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே நிருபர்களை அனுப்பும் அசைன்மெண்ட் மேசைக்கு எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
களத்திலும் செய்தி மேசையிலும் பணிபுரிவோர்