பத்து மணிக் கடிகாரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாலை கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெரு வாசகசாலையில் 'மெட்ரோபோலிஸ்' போட்டார்கள். ஃபிரிட்ஸ் லாங் எடுத்து 1927இல் வெளியான ஜெர்மன் ஊமைப்படம். மேலே கோபுர நகரம், பூமிக்கு அடியில் தொழிலாளர்கள். படம் முடிந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடிப்பு மிகை, நீளமும் அதிகம். என் வயதுக்காரர்களுக்குப் பேச்சே வரவில்லை.

நான் 26 வருடம் நூற்பாலையில் ஷிப்டு பார்த்தவன். படத்தில் ஒருவன் பெரிய வட்டத்தின் முன் நின்று, எந்த விளக்கு எரிகிறதோ அங்கே முள்ளை இழுத்துக்கொண்டே இருக்கிறான். படத்தில் வரும் ஷிப்டுக் கடிகாரத்தில் பத்து மணி வரைக்குத்தான் எண். ராத்திரி ஷிப்டில் ஒரு இழையை ஒட்டி நிமிர்வதற்குள் அடுத்தது அறும்; என் தோளும் அப்படித்தான் கடுத்தது. அதை மிகை நடிப்பு என்று எப்படி ஒப்புக்கொள்வேன்?

முதலாளியும் தொழிலாளியும் கைகொடுத்துக்கொள்ளும் முடிவு ஒட்டவில்லை என்றார்கள் அந்தப் பிள்ளைகள். அது சரி. லாங்குக்கே பின்னாளில் அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால், வெட்டி எறிந்த காட்சிகள் 2008இல் அர்ஜென்டினாவில் கிடைத்து, 2010இல் மறுபடி சேர்ந்த படம் இது. பாதியில் எழுந்து போனவர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். திரையில் மலையாள எழுத்து மட்டும் ஓடியது. பக்கத்தில் இருந்த அக்காவுக்கு நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த முறை தமிழிலும் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.