கயலுக்கு, உன் பம்பு மேனுவலைப் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பம்பு பராமரிப்பு மேனுவலை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை திரையில். இரண்டாவது தடவை பிரிண்ட் எடுத்து, கையில் பென்சிலோடு. "அப்பா, டிசைன் எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, விஷயத்தைச் சரிபார்க்க வேற ஆள் இருக்காங்க" என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவனிடம் இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொன்னால் எப்படி? நான் ஒரு மேனுவல்கூட எழுதியதில்லை. ஆனால் பம்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில், கிரீஸ் அப்பிய விரலால் பக்கம் புரட்டி நிறையப் படித்திருக்கிறேன். அப்படிப் படிக்கிற ஆள் சொல்வதாக எடுத்துக்கொள்.

பார்க்க அழகாக இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஓரங்களில் தாராளமாக இடம் விட்டிருக்கிறாய், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. வேலை செய்கிறவன் அங்கேதான் தன் குறிப்பை எழுதி வைப்பான். உன் மேலாளர் பக்கத்தைக் குறைக்கச் சொன்னால் அதில் மட்டும் கை வைக்காதே.

12ஆம் பக்கத்துக்கு வருகிறேன். எட்டு போல்ட்டையும் எந்த வரிசையில் இறுக்க வேண்டும் என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறாய். முதலாவது, அதற்கு நேரெதிரே உள்ளது, பிறகு கடிகாரச் சுற்றில் மூன்றாவது, அதற்கு நேரெதிரே... நான்காவது போல்ட்டில் எனக்கே குழம்பிவிட்டது, இத்தனைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு ஒரு வட்டம் வரை. அதில் எட்டுப் புள்ளி வை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல மேனுவல்களில் போல்ட்டுகளுக்குச் சுற்றுவாக்கில் 1 முதல் 8 வரை எண் கொடுத்துவிட்டு, கீழே "1, 5, 3, 7, 2, 6, 4, 8 என்ற வரிசையில் இறுக்கவும்" என்று போடுவார்கள். தப்பில்லை, ஆனால் படிக்கிறவன் படத்துக்கும் வரிக்குமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இறுக்கும் வரிசையையே போல்ட்டின் மேல் எண்ணாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஒன்று எங்கே, இரண்டு எங்கே என்று தேடி இறுக்கிக்கொண்டே போவான். டார்க்கை, அதாவது இறுக்கும் முறுக்கு விசையை, எத்தனை சுற்றாக ஏற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு என்பது மட்டும் படத்துக்குக் கீழே சின்ன அட்டவணையாக இருக்கட்டும். அந்த அட்டவணையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடாதே. ஒரு கையில் ரெஞ்ச் இருக்கும்போது பக்கம் புரட்ட ஆள் கிடையாது.

அடுத்தது நிறம். இதில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள். உங்கள் கம்பெனி நிறம் ஆரஞ்சு என்பதால் தலைப்பு, பெட்டி, அம்புக்குறி, பக்க எண் வரைக்கும் ஆரஞ்சு அடித்திருக்கிறாய். எச்சரிக்கைப் பெட்டியும் ஆரஞ்சுதான். எச்சரிக்கைக் குறிகளுக்கான அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. இசட்535 தரத்தில் உயிர் போகும் என்ற அளவுக்கு ஆபத்தென்றால் சிவப்பு, அதற்கு அடுத்தபடி ஆரஞ்சு, சிறு காயம் என்றால் மஞ்சள் என்று வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலைக்காரன் கண் இதற்கெல்லாம் பழகியிருக்கும். பக்கம் முழுக்க ஆரஞ்சாக இருந்தால் அந்தக் கண் எதிலும் நிற்காது. கம்பெனி நிறத்தை அட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 19ஆம் பக்கத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் எச்சரிக்கை, மூடியைக் கழற்றும் படிக்குக் கீழே இருக்கிறது. அதைப் படிக்கும்போது அவன் கை ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். மேலே ஏற்று.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்று எனக்குப் புரிந்த கதையை உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரிஜினல் மேனுவல் இல்லை, ஜெராக்ஸ். ஒரிஜினலில் திறந்திருக்க வேண்டிய வால்வு பச்சை, மூட வேண்டியது சிவப்பு. ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பல். பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. பைபாஸை, அதாவது சுற்றுவழிக் குழாயை, மூடுவதாக நினைத்து, சீலுக்கு (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கிற வளையத்துக்கு) போகிற தண்ணீரை மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சீல் கருகிப் புகை வந்தது. திட்டு எனக்குத்தான் விழுந்தது, படம் வரைந்தவருக்கு இல்லை! ஜெராக்ஸ் போகட்டும், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. அதனால் நிறத்தோடு கூடவே ஒரு சொல்லோ, கோட்டின் வடிவமோ இருக்கட்டும். மூடியதற்கு நிரப்பிய முக்கோணம், திறந்ததற்கு வெறும் முக்கோணம் போட்டால்கூடப் போதும், என்ன அர்த்தம் என்று ஓரத்தில் எழுதிவிட்டால் சரி.

புகைப்படங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டப் புகைப்படம் நல்லது, ஏனென்றால் அவன் தேடுவது அதே உருவத்தைத்தான். பம்பின் உட்புறத்தைக் காட்ட அது உதவாது. எண்ணெயும் கறுப்புமாக எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அங்கே கோட்டுப் படம்தான். பாகங்களை ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டு நெடுக வரிசையாகப் பிரித்துப் போட்ட படம் ஒன்று இருந்தால் பாதி விளக்கம் தேவைப்படாது. குழாய் ஓட்டப் படம் வேறு ரகம். லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் என்ற வரைவாளர் போட்ட வரைபடம் 1933இல் வெளியானது. உண்மையான தூரத்தையும் வளைவையும் விட்டுவிட்டு, எந்த நிலையத்துக்கு அடுத்து எது, எங்கே மாற வேண்டும் என்பதை மட்டும் நேர்கோடுகளில் காட்டினார். உன் ஓட்டப் படமும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதில் போய் மாடிப்படியையும் ஜன்னலையும் ஏன் வரைந்தாய்?

பின்னிணைப்பில் பம்பு நின்றுபோன காரணங்களுக்கு ஒன்பது துண்டு போட்ட முப்பரிமாண பை சார்ட் வைத்திருக்கிறாயே, அதைப் பார்த்து நான் செய்தது என்ன தெரியுமா? துண்டுகளை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த எண்களைப் படித்தேன். பிளேஃபேர் என்பவர் 1801இல் பை சார்ட்டை அச்சில் கொண்டுவந்தபோதிலிருந்தே அது கண்ணுக்குக் கவர்ச்சிதான். ஆனால் நம் கண் கோணத்தைவிட நீளத்தை நன்றாக ஒப்பிடும். 1984இல் கிளீவ்லாண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் இதைச் சோதித்தே காட்டினார்கள். அந்த ஒன்பதையும் பெரியதிலிருந்து சிறியது வரை பட்டைகளாக அடுக்கு. பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். இல்லையென்றால் 94க்கும் 97க்கும் உள்ள வித்தியாசம் மலைபோலத் தெரியும்.

எதைப் படத்தில் விட்டுவிடுகிறோம் என்பதையும் யோசி. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். ஏவுவதற்கு முந்தின இரவு, ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் தாங்குமா என்று பேசியபோது, சேதம் கண்ட பயணங்களின் வெப்பநிலையை மட்டும் ஒப்பிட்டார்கள். அப்படிப் பார்த்தால் குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. பின்னால் விசாரணைக் குழு சேதமில்லாத பயணங்களையும் சேர்த்து ஒரே படத்தில் புள்ளி வைத்தது. 17 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருந்த 4 பயணங்களிலும் சேதம். அதைவிட வெதுவெதுப்பாக இருந்த 20இல் மூன்றில் மட்டும். ஏவிய அன்று காலை காற்றின் வெப்பம் 2 டிகிரி. உன் பின்னிணைப்பிலும் பழுதான பம்புகள் மட்டும்தான் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கிறவை எத்தனை மணி நேரமாக ஓடுகின்றன என்று கேட்டு வாங்கிச் சேர்.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவற்றைப் பிரிண்ட்டிலேயே பென்சிலால் குறித்திருக்கிறேன். ஒரு ஸ்கிரீன்ஷாட் மங்கலாக இருக்கிறது, ஜேபெக்கில் சேமித்தாய் போல. எழுத்து உள்ள படத்துக்குப் பிஎன்ஜி எடுப்பாக வரும். படம் 7 பற்றி உள்ளே எங்கேயும் பேச்சே இல்லை, அதற்கு அங்கே என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. வேறு மொழிக்கும் போகும் என்றாயே, அப்படியானால் படத்துக்குள் சொற்களை எழுதாதே. எண் போட்டுக் கோடு இழுத்து, சொற்களைக் கீழே வை. மொழி மாறும்போது சொல் நீண்டு பெட்டியைத் தாண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு முகம் சுருக்காதே. சீல் மாற்றும் பகுதியில் நீ வரைந்த ஆறு படங்களையும் நான் ஒரு குறையும் சொல்லவில்லை, கவனித்தாயா? வளையத்தின் எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று வெட்டிக் காட்டியிருக்கிறாய். அன்றைக்கு அது என் கையில் இருந்திருந்தால் இரண்டு சீல் மிச்சமாகியிருக்கும்.

12ஆம் பக்கத்தைத் திருத்தியதும் அனுப்பு. கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, அதையும் ஒரு தடவை ஜெராக்ஸ் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அம்மா உன்னை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா