எங்கள் ஊர் வானத்தை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் இணைப்பில், 'சப்தரிஷி மண்டலத்தை ஆண்டின் எல்லா இரவுகளிலும் வட வானில் காணலாம்' என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மார்கழிப் பனியில் மொட்டை மாடியில் நின்று தேடியிருக்கிறார்கள். மறுநாள் ஒருத்தி, "டீச்சர், அது நம்ம ஊருக்கு வராதா?" என்று கேட்டாள்.

லண்டனில் இருப்பவருக்கு அந்த வரி சரி. அங்கே அந்த ஏழு விண்மீன்களும் மறைவதே இல்லை. எங்கள் கரூரில் துருவ நட்சத்திரமே அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; நாலு தென்னை மரம் இருந்தால் அதுவும் தெரியாது. அதைச் சுற்றி வரும் சப்தரிஷிகள் டிசம்பரில் முழுசாக அடிவானத்துக்கு மேலே வர நள்ளிரவு தாண்டிவிடும். ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் பார்க்கச் சொல்லியிருந்தால், வசிஷ்டரையும் அவரை ஒட்டி மங்கலாகத் தெரியும் அருந்ததியையும் பிள்ளைகளே கண்டுபிடித்திருப்பார்கள். கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டுகிற அருந்ததியை ராத்திரியில் ஒரு தடவையாவது அவர்கள் பார்க்க வேண்டாமா?

வெளிநாட்டு வான்படத்தை அப்படியே எடுத்துப் போடுவது தங்கள் இதழுக்குப் புதிதல்ல. கதைகளும் அப்படித்தான். ஓரியன் என்ற வேட்டைக்காரனைத் தேள் கொட்டிய கிரேக்கக் கதையை நானும் வகுப்பில் சொல்கிறேன். தேள் கிழக்கே எழும்போது வேட்டைக்காரன் மேற்கே மறைந்துவிடுவான் என்றதும், இரண்டும் வானத்தின் எதிரெதிர்ப் பக்கம் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் அவன் தோளில் சிவப்பாகத் தெரிவது நம் திருவாதிரை என்று ஒரு வரி எழுதக் கூடாதா? தக்கனின் 27 பெண்களைக் கட்டிக்கொண்ட சந்திரன், ரோகிணி வீட்டிலேயே தங்கிவிட்டதால் சாபம் வாங்கித் தேய்ந்த கதை எங்கே போயிற்று? நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது என்பதை இந்தக் கதையை வைத்துத்தான் நான் நடத்துகிறேன். இரவு வானில் பிரகாசத்தில் இரண்டாவதான அகத்திய நட்சத்திரம் லண்டனில் எழுவதே இல்லை. அதனால் தங்கள் படத்திலும் இல்லை. பிப்ரவரி மாதம் எங்கள் பள்ளி வாசலில் நின்று தெற்கே பார்த்தால் போதும், தெரியும்.

முன்பு ஒரு கட்டுரையில், புராணம் சொல்லும் ஆசிரியர்கள் மூடநம்பிக்கையை வளர்க்கிறார்கள் என்றும் எழுதினீர்கள். அன்று நான் அனுப்பிய பதிலைத் தாங்கள் போடவில்லை. என் வகுப்பில் மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் ஒருத்தி இருந்தாள். மாமனாருக்கு ஆகாதவள் என்று வீட்டிலேயே சொல்லிச் சொல்லி அவளைக் கூனிக் குறுக வைத்திருந்தார்கள். ஆடி மாத இரவில் தேளின் கொடுக்கைக் காட்டி, இதுதான் உன் மூலம், எல்லாம் எங்கோ தொலைவில் எரிகிற சூரியன்கள், உன் கல்யாணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். அப்புறம் அவளே மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். தங்கள் கட்டுரையாளர் இப்படி ஒரு பிள்ளையோடு எப்போதாவது மைதானத்தில் நின்றிருக்கிறாரா?

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மாதம் ஒருமுறை, தமிழ்நாட்டின் அட்சரேகைக்கு வரைந்த வான்படத்தை நம் பெயர்களோடு வெளியிடுங்கள். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடமே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை,
கரூர் மாவட்டம்.