பூச்சு உரிந்த ஐந்து பஞ்ச்கள் குறித்த புகார்

அனுப்புநர்
உரிமையாளர்,
பிரஸ் டூல் பட்டறை,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்
தரக் கட்டுப்பாட்டு மேலாளர்,
கருவிப் பூச்சு நிறுவனம்.

பொருள்: டைட்டானியம் நைட்ரைடு பூச்சு உரிந்த ஐந்து பஞ்ச்கள் – மறுபூச்சும் இழப்பீடும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பம்ப்செட் மோட்டாருக்கான ஸ்டாம்பிங் தகடுகளை வெட்டும் டூல்களுக்காக, எம்2 ஹைஸ்பீடு ஸ்டீலில் செய்த பன்னிரண்டு நீள்சதுர பஞ்ச்களுக்குத் (தகட்டைக் குத்தி வெட்டும் மேல் கருவிகள்) தங்களிடம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு போட்டு வாங்கினோம். அவற்றில் ஐந்து, 18,000 அடிகளை (ஒவ்வொரு அடியும் பிரஸ் ஒருமுறை இறங்கி வெட்டுவது) தாண்டுவதற்குள் பூச்சு உரிந்து நின்றுவிட்டன. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் எங்கள் பிரஸ்ஸில் அது இரண்டரை மணி நேர வேலை. இதற்கு முன் தாங்களே பூசித் தந்த பஞ்ச்கள் இரண்டு லட்சம் அடி வரை சாணை கேட்காமல் உழைத்தவை என்பதால்தான் இம்முறையும் தங்களை நாடினோம்.

எங்கள் முதல் புகாருக்குத் தாங்கள் அனுப்பிய பதிலில், இது வழக்கமான தேய்மானம் என்றும், பஞ்ச்சின் முகத்தை (வெட்டும் முனையை) சாணை பிடித்ததால் உத்தரவாதம் செல்லாது என்றும் கூறியிருந்தீர்கள். இரண்டையும் எங்களால் ஏற்க இயலவில்லை. பூச்சு தேயும்போது வெட்டுவிளிம்பிலிருந்து தொடங்கி, பொன்னிறம் சிறிது சிறிதாக வெளிறி, ஓரம் தெரியாமல் எஃகின் நிறத்தில் கலந்துவிடும். இந்த ஐந்திலும் அப்படி இல்லை. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால், சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்ததுபோல் பிசிறான ஓரத்துடன் திட்டுத்திட்டாகப் பெயர்ந்திருக்கிறது. அதிலும் முதல் திட்டு, விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் மேலே உள்ளது. எங்கள் டூலில் பஞ்ச், டைக்குள் (துளையுள்ள கீழ் அச்சுக்குள்) இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்குகிறது. வெட்டும் தகட்டின் தடிமன் 0.5 மில்லிமீட்டர், பஞ்ச்சிலிருந்து தகட்டைக் கழற்றிவிடும் ஸ்ட்ரிப்பர் தட்டும் அந்த இடத்தில் பஞ்ச்சைத் தொடுவதில்லை. எதுவும் உரசாத இடத்தில் தேய்மானம் எங்கிருந்து வரும்?

சாணை விஷயத்திலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தில் மூன்று பஞ்ச்கள் சாணையையே காணாதவை. மற்ற இரண்டில் முகத்தை மட்டும் சாணை பிடித்தோம்; பக்கவாட்டில் இருக்கும் பூச்சு அதனால் போவதில்லை, பூச்சுள்ள பஞ்ச்சை மறுசாணைக்குப் பிறகும் பயன்படுத்துவதே இந்தப் பக்கவாட்டுப் பூச்சை நம்பித்தான். தங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நான் எழுத வேண்டி வந்ததே வருத்தம் தருகிறது.

எங்கள் பிரஸ்ஸின் சீர்மையில் குறை என்று ஐயம் எழலாம். ஆனால் ஒரே டூலில், ஒரே தகட்டில், பக்கத்துப் பக்கத்தில் ஓடிய மற்ற ஏழு பஞ்ச்களும் இன்றுவரை நன்றாகவே இருக்கின்றன; அவற்றைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. எஃகு இளகியிருக்குமோ என்று சோதித்தோம். உரிந்தவற்றிலும் கடினத்தன்மை 63 ராக்வெல் இருக்கிறது. பூச்சின் தடிமனும் 3 மைக்ரான் அளவில் சரியாகவே உள்ளது. ஆகவே குறை, பூச்சு எஃகைப் பற்றிக்கொண்ட விதத்தில்தான் இருக்கிறது. 150 கிலோ பளுவில் வைரக் கூம்பை அழுத்தி, பள்ளத்தைச் சுற்றிய பூச்சைப் பார்க்கும் ராக்வெல் சோதனையை வெளி ஆய்வகம் ஒன்றில் தட்டையான பக்கத்தில் செய்தோம். ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் 3198 எண் வழிகாட்டியில் முதல் நான்கு நிலைகள் ஏற்கத்தக்கவை, ஐந்தும் ஆறும் நிராகரிக்கத்தக்கவை. உரிந்த பஞ்ச் ஐந்தாம் நிலையில் வந்தது. நல்ல பஞ்ச் முதல் நிலை. உரிந்த திட்டுகளின் அடியில், நீர்த்துளி உலர்ந்தது போன்ற பழுப்பு வளையங்கள் தெரிகின்றன. கழுவியபின் சரியாக உலர்த்தாமல் வெற்றிட அறைக்குள் ஏற்றியிருக்கிறார்கள் என்றே நாங்கள் கருதுகிறோம்.

பாதிப்பு பஞ்ச்சோடு நின்றிருந்தால் பொறுத்திருப்போம். ஏறத்தாழ 2300 விக்கர்ஸ் கடினமுள்ள உரிந்த பூச்சின் துகள்கள் பஞ்ச்சுக்கும் டைக்கும் இடையே சிக்கி இரண்டு டைகளில் கீறல் விழுந்தது. தகட்டின் பிசிறு 0.03-லிருந்து 0.09 மில்லிமீட்டராக உயர்ந்தது. பிசிறுள்ள தகடுகளை அடுக்கினால் ஒன்றோடொன்று மின்தொடர்பு ஏற்பட்டு மோட்டார் சூடாகும் என்பதால், வாடிக்கையாளர் அந்த லாட் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

எனவே, ஐந்து பஞ்ச்களின் பழைய பூச்சையும் எஃகுக்குச் சேதமின்றி நீக்கி, கட்டணமின்றி மீண்டும் பூசி, அதே லாட்டில் வைத்த சோதனைத் துண்டின் ஒட்டுதிறன் அறிக்கையுடன் திருப்பித் தர வேண்டும். இரண்டு டைகளையும் சாணை பிடித்த செலவை ஈடுசெய்யவும் கோருகிறோம். அந்த லாட்டைக் கழுவிய, பூசிய பதிவேட்டின் நகலையும் காண விரும்புகிறோம். உரிந்த பஞ்ச்களைத் துடைக்காமல், எண்ணெய் இடாமல் அப்படியே உறையில் வைத்திருக்கிறோம். தங்கள் பொறியாளர் ஒருவர் பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து, உரிந்த ஒன்றையும் நல்ல ஒன்றையும் லென்ஸின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறை உரிமையாளர்.

இணைப்பு: டெலிவரி சலான் நகல், ஆய்வக அறிக்கை, பஞ்ச்களின் புகைப்படங்கள்.