சாயல் இருந்தால் இரவலா?

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு வெளியான நூல் மதிப்புரையில், ஒரு நாவலில் பழைய செவ்வியலின் சாயல் தெரிந்தாலே அது இரவல் சரக்கு என்ற தொனி இருந்தது. ஒப்புக்கொள்ள முடியவில்லை. சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' 1850-இல் நூலானது. அதன் கதைப்போக்கை ஒளிவுமறைவின்றி எடுத்துக்கொண்டு, அமெரிக்க மலைப்பகுதியின் போதை மாத்திரை அவலத்தைச் சொன்ன பார்பரா கிங்சால்வரின் 'டீமன் காப்பர்ஹெட்' 2023-இல் புலிட்சர் பரிசு பெற்றது. இரண்டிலும் நாயகன் தான் பிறந்த கதையைத் தானே சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். முதல் பக்கத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இருமுறை பாதியில் மூடிவைத்த டிக்கன்ஸை மறுபடி எடுத்து, இந்த முறை கடைசிப் பக்கம் வரை படித்தேன். இனி மதிப்புரையின் கீழே, அந்த நாவல் எந்தப் பழைய நூலோடு பேசுகிறது என்று ஒரு வரி சேர்க்கலாமே.